அழுக்கு நோட்டின் பக்கம் நின்று

பழைய ரூபாய் நோட்டு வாங்குகிறவர்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் ஒரு சங்கடம் வந்து ஒட்டிக்கொள்கிறது. காசு வீணாகிறதே என்ற வீட்டுக் கவலை அல்ல அது. அதைவிடப் பெரிய தொகைகள் பட்டாசிலும் ஓட்டல் சாப்பாட்டிலும் கரைகின்றன, யாரும் கணக்குக் கேட்பதில்லை. பணம் கொடுத்துப் பணம் வாங்குகிற வேடிக்கையும் அல்ல. வட்டிக்கடையிலிருந்து அந்நியச் செலாவணிச் சந்தை வரை எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். உறுத்துவது அந்த வேகம். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பொருட்காட்சி போட்டிருக்கிறது, டெல்லி அப்பளக் கடைக்கும் ராட்டினத்துக்கும் நடுவில் ஒருவர் பழைய நோட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரப்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டிராக்டர் போட்ட ஐந்து ரூபாய், பாய்க்கப்பல் போட்ட பத்து ரூபாய், ஆரியபட்டா செயற்கைக்கோள் போட்ட இரண்டு ரூபாய். குழல்விளக்கு வெளிச்சத்தில் உறைகள் மினுங்குகின்றன. குழந்தைக்குப் பஞ்சுமிட்டாய் வாங்க வந்தவர் நிற்கிறார், குனிகிறார், ஒன்றைத் தொட்டுக் காட்டுகிறார், விலை கேட்கிறார், வாங்கிவிடுகிறார். எல்லாம் அரை நிமிடம். வீட்டிலிருந்து புறப்படும்போது அந்த நோட்டு அவர் மனதில் இல்லை. வீடு திரும்பிய பிறகும் எத்தனை நாள் இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த அரை நிமிடத்தில் அவர் எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்பதுதான் என் கேள்வி. அவர் ஒருவரைப் பற்றிய கேள்வியாக இருந்தால் விட்டுவிடலாம். அப்படி வாங்குகிறவர்கள் ஆயிரக்கணக்கில் சேரும்போது, இந்த நாட்டின் பழைய காகிதப் பணத்தில் எது மிஞ்சும், எது குப்பைக்குப் போகும் என்பதை அந்த அரை நிமிடங்களே முடிவு செய்துவிடுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

ரூபாய் நோட்டின் இயல்பே யாரும் அதைப் பார்க்காமல் இருப்பதுதான். கடைக்காரர் வாங்குகிறார், எண்ணுகிறார், கல்லாவில் போடுகிறார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார் என்றால் சந்தேகப்படுகிறார் என்று பொருள். ஒரு நூறு ரூபாய்க்கும் இன்னொரு நூறு ரூபாய்க்கும் வித்தியாசம் கிடையாது என்ற பேசாத ஒப்பந்தத்தின் மேல்தான் முழு ஏற்பாடும் நிற்கிறது. ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்திட்டுத் தருகிற வாக்குறுதி, அதை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் அவருக்கே. (ஒரு ரூபாய் நோட்டில் அந்த வாக்குறுதி கிடையாது. அது நிதித்துறைச் செயலரின் கையெழுத்தோடு மத்திய அரசு வெளியிடுவது. சட்டத்தின் கணக்கில் அது நாணயம்.) சேகரிப்பவர் இந்த ஒப்பந்தத்தை மீறுகிறவர். எல்லாம் ஒன்றுதான் என்று உலகம் சொல்லும்போது இல்லை, இது வேறு என்று ஒரு தாளை எடுத்து ஓரமாக வைக்கிறார். மரியாதைக்குரிய மீறல் அது. அந்தத் தாள் முதன்முதலாகப் பார்க்கப்படுகிறது. அதன் அச்சுக்கூடம், தாள், மை, கையெழுத்து, வரிசை எழுத்து எல்லாம் கண்ணில் படத் தொடங்குகின்றன. அவசரத்தில் வாங்கப்படும் நோட்டுக்கு இது நடப்பதில்லை. எந்தக் கைவீச்சில் அதைச் செலவழித்திருப்பார்களோ அதே கைவீச்சில் அதை வாங்குகிறார்கள். பர்ஸிலிருந்து ஆல்பத்துக்குப் போகிறது, ஆல்பம் அலுத்ததும் இன்னொருவர் ஆல்பத்துக்கு, அல்லது மறுபடி மேசைக்கு. புழக்கத்திலிருந்து விடுபட்டதாகச் சொல்லப்படுகிற தாள் வேறு பெயரில் புழங்கிக்கொண்டிருக்கிறது, முன்பு போலவே பார்க்கப்படாமல்.

அரை நிமிடத்தில் கண்ணுக்கு அகப்படுகிறவை மூன்று. சுத்தம் ஒன்று, எண் ஒன்று, விற்பவர் சொல்லும் ஒரு வரிக் கதை ஒன்று. எண்ணில் மயங்காதவர் குறைவு. 786 வருகிற நோட்டு, ஆறு இலக்கமும் ஒன்றாக அமைந்தது, பிறந்த தேதியாகப் படிக்க முடிவது, எண்ணுக்கு முன்னால் நட்சத்திரம் போட்டது. அந்த நட்சத்திரம் 2006 முதல் வந்தது. அச்சில் கெட்டுப்போன நோட்டை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாகக் கட்டில் வைக்கிற மாற்று நோட்டின் அடையாளம். அதாவது ஓர் அலுவலக வசதிக்கான குறி. அது எங்கே போயிற்று, எந்தச் சந்தையில் எதற்கு ஈடாகக் கைமாறியது என்பதைப் பற்றி அந்தக் குறி வாய் திறப்பதில்லை. கதைக்கும் இதே கதிதான். "இதில் கையெழுத்துப் போட்டவர் 42 நாள்தான் கவர்னராக இருந்தார் சார்" என்று சொன்னால் பாதி வியாபாரம் முடிந்துவிடும். சொல்வது பொய்யும் அல்ல. பி. என். அதார்கர் 1970 மே 4 முதல் ஜூன் 15 வரைதான் பதவியில் இருந்தார், காந்தி நூற்றாண்டுக்காக வெளிவந்த நோட்டுகளில் அவர் கையெழுத்து இருக்கிறது. ஆனால் ஒருவர் பதவியிலிருந்த நாட்களும் அவர் கையெழுத்தோடு அச்சான தாள்களின் எண்ணிக்கையும் ஒரே கணக்கு ஆகாது என்று யோசிக்க அரை நிமிடம் போதாது. யோசிக்க நேரம் தராத செய்திதான் அங்கே நன்றாக விலைபோகிறது.

மூன்றிலும் முரட்டுத்தனமானது சுத்தம். வங்கிக் கட்டிலிருந்து அப்படியே எடுத்த, மடிப்பு விழாத சலவை நோட்டுக்குத்தான் உச்ச விலை. அடுத்த படி கிட்டத்தட்டப் புதியது, அதற்கடுத்தது கொஞ்சம் புழங்கியது என்று இறங்கி, நன்றாகப் புழங்கிய நோட்டு சல்லி விலைக்கு வருகிறது. இந்த ஏணியை நிதானமாகப் பார்த்தால் தலைகீழாக நிற்பது தெரியும். பணமாக இருப்பதற்காக அச்சடித்த தாளில், பணமாக ஒருநாளும் இருந்திராத தாளுக்கு முதலிடம். தன் வேலையைச் செய்ததற்கான ஒவ்வோர் அடையாளமும் அதற்குக் குறை. இடப்பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று துளைகளையே எடுத்துக்கொள்ளலாம். ரிசர்வ் வங்கி 1999-இல் சுத்தமான நோட்டுக் கொள்கையைக் கொண்டுவந்து, அதன் தொடர்ச்சியாகக் கட்டுகளுக்குப் பின் அடிப்பதை நிறுத்தச் சொல்லும் வரை, வங்கியிலிருந்து வெளியே வந்த நோட்டுகள் துளையோடுதான் வந்தன. அந்தத் துளை நோட்டின் காயம் அல்ல, பிறப்புச் சான்று. ஆனாலும் அதற்கு விலையில் கழிவு உண்டு. சுத்தத்துக்குக் காசு உண்டு என்று தெரிந்ததும் சந்தை சுத்தத்தைத் தயாரிக்கத் தொடங்குகிறது. அலசுகிறார்கள், கனமான புத்தகத்தின் அடியில் அழுத்துகிறார்கள், இஸ்திரி போடுகிறார்கள், கஞ்சி ஏற்றி மொடமொடப்பைக் கொண்டுவருகிறார்கள். நம் நோட்டுத் தாள் மரக்கூழ் அல்ல, பருத்தி. அலசலையும் ஓரளவு தாங்கிவிடும். தாங்குவது தாள்தான். அதில் இருந்த மஞ்சளும் வியர்வையும் பேனாக் கிறுக்கலும் வாளித் தண்ணீரோடு போய்விடும். அவசரக்காரரின் கண்ணுக்குப் பிடித்த மாதிரி ஒரு தாளை ஆக்குவது என்றால், அது எங்கெங்கே இருந்தது என்பதற்கான சாட்சியத்தை அழிப்பது என்றே அர்த்தம். என் சங்கடத்தின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது.

அந்த அழுக்கில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சுருக்குப்பையில் எட்டாக மடித்து வைத்த நோட்டின் மடிப்பு ஒரு விதம், வேட்டி மடியில் சுருட்டிச் செருகிய நோட்டின் வளைவு வேறு விதம், சட்டைப்பையில் இரண்டாக மடிந்த நோட்டு இன்னொரு விதம். மூலையில் மஞ்சள் ஏறியிருந்தால் காணிக்கை முடிச்சிலோ கல்யாணத் தட்டிலோ இருந்திருக்கலாம். ஓரத்தில் பென்சிலால் ஒரு கூட்டல் இருந்தால், வேறு தாள் கிடைக்காத ஒருவர் அவசரமாகக் கணக்குப் போட்டிருக்கிறார். கடலூர் வட்டாரத்தையே நினைத்துப் பார்க்கலாம். 1842 முதல் நடக்கும் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றியவரின் கை, பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைத்த பாலேறிய விரல், துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்தவரின் ஈரக்கை, நெய்வேலிச் சம்பளக் கவர், மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுத்தவரின் மைக்கறை. எந்த நோட்டும் இவை எல்லாவற்றையும் ஒப்புவித்துவிடாது. சில தடயங்களை மட்டும் வைத்திருக்கும், அவற்றையும் தப்பாகப் படிக்க வாய்ப்புண்டு. ஆனால் மடிப்பே இல்லாத தாளில் தப்பாகப் படிக்கக்கூட ஒன்றும் கிடையாது.

இன்னும் பழைய நோட்டுகளில் இந்த வேறுபாடு கூர்மையாகத் தெரியும். 1861-இல் காகிதப் பணச் சட்டம் வந்து நோட்டு வெளியிடும் உரிமை அரசாங்கத்தின் கைக்குப் போனபோது, நாடு கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் என்று வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பிறகு வட்டங்கள் கூடின. ஒரு வட்டத்தில் வெளியான நோட்டை அந்த வட்டத்தில்தான் சட்டப்படி மாற்ற முடியும். ஐந்து, பத்து, ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகள் 1903 முதல் 1911-க்குள் ஒவ்வொன்றாகத்தான் நாடு முழுக்கச் செல்லுபடியாயின. அந்தக் காலத்தில் தூரத்திலிருக்கும் வியாபாரிக்குத் தபாலில் பணம் அனுப்புகிறவர்கள் நோட்டை இரண்டாக வெட்டி ஒரு பாதியை மட்டும் முதலில் அனுப்புவார்கள். சேர்ந்தது என்று பதில் வந்த பிறகே மறுபாதி புறப்படும். பெறுகிறவர் இரண்டையும் ஒட்டிக் காசாக்கிக்கொள்வார். அப்படி வெட்டி ஒட்டிய நோட்டு ஒன்று இன்று மேசைக்கு வந்தால் அவசரக்காரரின் கண் அதைத் தாண்டிப் போய்விடும், ஏனென்றால் அது பார்வைக்குக் கிழிசல். அரைத் தாளை நம்பி ஒருவர் காத்திருந்ததற்கும், தபால் வழியை யாரும் முழுசாக நம்பவில்லை என்பதற்கும் அந்த ஒட்டுதான் ஆதாரம். கடலூர் வட்டாரத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மஞ்சக்குப்பத்துக்கு வடக்கே சில மைல் போனால் அன்று பிரெஞ்சு எல்லை. அங்கே இந்தோசீனா வங்கி வெளியிட்ட ரூபாய் நோட்டுகள் புழங்கின. பாகூர்ப் பக்கத்து வயல்களும் கடலூர்ப் பக்கத்து வயல்களும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிற ஊர்களில் எந்தக் காகிதம் எந்தக் கடையில் எடுபடும் என்பது அன்றாட அறிவாக இருந்திருக்கும். அதைப் படிக்க வேண்டுமானால் அந்த நோட்டு எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். மேசையில் இருக்கிற உறையில் அது எழுதப்பட்டிருப்பதில்லை. அரை நிமிடத்தில் யாரும் கேட்பதும் இல்லை.

அவசரம் வாங்குகிறவரின் குணம் மட்டும்தானா என்பதும் யோசிக்க வேண்டியது. இந்த ஊரை விற்று வாங்கிய கதையையே சொல்லலாம். 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்தி என்பது பேச்சு. குண்டு எட்டிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நிலைத்தது. கேட்பதற்கு எதேச்சையான அளவு போலத்தான் இருக்கிறது. ஆனால் தூரமாகச் சுடக்கூடிய பீரங்கியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் சுட்டார்கள். சந்தையில் எதேச்சை போலத் தெரிவதன் பின்னால் பெரும்பாலும் ஒருவருடைய நிதானமான ஏற்பாடு இருக்கும். முதல் உலகப் போரிலும் அதன் பின்னரும் ஜெர்மனியில் சில்லறைத் தட்டுப்பாட்டுக்காக ஊர் நிர்வாகங்களே அவசர நோட்டு அச்சடித்தன. வண்ணப்படம் போட்ட அந்தத் தாள்களை ஜனங்கள் ஆசையாகச் சேர்த்து வைப்பதைக் கண்டதும், 1920-22 வாக்கில் பல ஊர்கள் கதைத் தொடர் போல வரிசை வரிசையாக அச்சடித்து விற்க ஆரம்பித்தன. அவை கடைக்குப் போவதற்கென்று பிறந்தவை அல்ல, ஆல்பத்துக்கென்றே பிறந்தவை. ஜிம்பாப்வே 2009-இல் வெளியிட்ட நூறு டிரில்லியன் டாலர் நோட்டு, நம் கணக்கில் ஒரு கோடி கோடி, இன்று உலகமெங்கும் விளையாட்டுப் பொருளாக விற்கிறது. ஒரு நாட்டின் சேமிப்பு மொத்தமும் ஆவியான கதை அதன் பூஜ்ஜியங்களில் இருக்கிறது. வாங்குகிறவர் பூஜ்ஜியங்களை எண்ணிச் சிரித்துவிட்டு உறையில் போடுகிறார். நம் பக்கத்து நிலவரமும் இதற்குக் குறைந்ததல்ல. டிராக்டர் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சங்கள் தருவதாக ஆசைகாட்டும் விளம்பரங்கள் பெருகி, தன் பெயரைச் சொல்லியே கமிஷன் கேட்கிறார்கள் என்று தெரிந்து, 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. அங்கே ஏமாந்தவர் விற்க வந்தவர், இங்கே நம் ஆள் வாங்க வந்தவர். இருவரையும் அசைத்தது ஒன்றுதான்: யோசித்தால் கைநழுவிவிடும் என்ற பதற்றம்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் பலமான ஒன்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். காகிதப் பணத்துக்கு இயற்கையும் அரசாங்கமும் சேர்ந்தே எதிரி. அழுக்கான நோட்டு வங்கிக்குத் திரும்பினால் ரிசர்வ் வங்கி அதைத் துண்டுதுண்டாக்கிக் கட்டியாக அழுத்திவிடும். வீட்டிலேயே கிடந்தால் கரையான், பூஞ்சை, உப்புக்காற்று. கடலூர்க் கரையில் 2004 சுனாமியும் 2011 தானே புயலும் 2015 வெள்ளமும் வீட்டுக்குள் வந்து போயிருக்கின்றன. டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்த காகிதங்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த நிலையில், அவசரக்காரராவது வாங்கி உறையில் போட்டு வைக்கிறாரே, அவர் இல்லையென்றால் எல்லாம் போயிருக்குமே என்று வாதிடலாம். பாதி உண்மை இது. அவர்கள் காப்பாற்றுவது உண்மை. எதைக் காப்பாற்றுகிறார்கள் என்பதில்தான் என் தகராறு. சலவை நோட்டு அவர் இல்லாமலே பிழைக்கும், கட்டுக் கட்டாக எடுத்துப் பூட்டி வைக்க மொத்த வியாபாரிகள் இருக்கிறார்கள். துணை தேவைப்படுவது புழங்கிய நோட்டுக்கு, ஊர்ப்பெயரோடு வந்த நோட்டுக்கு. அதை அவர் ஒதுக்கிவிடுகிறார். ஒதுக்குகிறார் என்று தெரிந்ததும் அடுத்த முறை வியாபாரியும் அதை வாங்குவதில்லை. வீட்டுக்காரர் குப்பையில் போடுகிறார், அல்லது வங்கியில் மாற்றிக்கொள்கிறார். போதாததற்கு, ஆர்வக்கோளாறில் வாங்கியவர் பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் போட்டுவிடுவதும் உண்டு. பசையும் சூடும் ஏறிய பருத்தித் தாளைப் பிறகு யாரும் மீட்க முடியாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் நுட்பமானது. எந்தச் சேகரிப்பும் ஒரு திடீர் ஆசையில்தானே தொடங்குகிறது, ஆராய்ச்சிக் குறிப்பு எழுதிவிட்டு யாரும் முதல் நோட்டை வாங்குவதில்லையே என்பது. மறுக்க முடியாது. தமிழ்நாட்டு நாணயவியலே இதற்குச் சாட்சி. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி தொழில்முறை அகழாய்வாளர் அல்ல, சேகரிப்பாளர். 1980களில் அவர் கைக்கு வந்த சிறு செப்புக்காசு ஒன்றில் தமிழ் பிராமி எழுத்தில் பெருவழுதி என்ற பாண்டிய அரசன் பெயர் இருப்பதைக் கண்டறிந்தபோது, சங்க காலத்து மூவேந்தருக்குக் காசு இருந்ததா என்ற வாதமே திசை மாறியது. வியாபாரிகளிடமும் சேகரிப்பாளர்களிடமும் சிதறிக் கிடந்த காசுகள் இல்லாமல் அந்த அறிவு வந்திருக்காது. ஆனால் இந்த உதாரணம் என் வாதத்துக்கு எதிராக நிற்கவில்லை என்றே நினைக்கிறேன். அந்தக் காசு அழகாகவோ சுத்தமாகவோ இருந்ததால் முக்கியம் ஆகவில்லை. தேய்ந்து பாசி பிடித்த ஒன்றைச் சுத்தம் செய்து, உருப்பெருக்கியின் அடியில் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்து, எழுதி வெளியிட்டு, மறுப்பவர்களுக்குப் பதில் சொன்னதால் ஆனது. வாங்கிய கணம் எவ்வளவு சிறியதாகவும் இருந்திருக்கலாம், பார்த்த காலம் நீளம். ஆசையின் வேகத்தை நான் குறை சொல்லவில்லை. வாங்கிய கணத்தோடு பார்வை முடிந்துபோவதைச் சொல்கிறேன்.

மூன்றாவதாக, இது என் காசு, என் இளமைக்கால நினைவை நான் வாங்கிக்கொள்கிறேன், உனக்கென்ன என்ற கேள்வி. சரிதான். ஒரு ரூபாய் நோட்டின் அச்சு 1994-லும் இரண்டு ரூபாயுடையது அடுத்த ஆண்டும் நின்றபோது ஒரு தலைமுறையின் மொய்க் கணக்கும் தின்பண்டக் கணக்கும் அவற்றோடு போயின. அவற்றை மறுபடி தொட்டுப் பார்க்க ஆசைப்படுவதில் தப்பில்லை. அந்த ஆசைக்கும் சலவை நோட்டு சரியான பொருள்தானா என்று மட்டும் கேட்கலாம். அந்தக் காலத்தில் அவர் கையில் இருந்த நோட்டு கிழிந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு, ஓரத்தில் ஒட்டுப் போட்டு இருந்தது. இப்போது வாங்குவதோ எந்தப் பள்ளிக்கூடத்து மிட்டாய்க்கடையையும் பார்க்காத தாள். நினைவு என்று சொல்லி, நினைவில் இல்லாத ஒன்றை வாங்குகிறார். அதையும் அவர் உரிமை என்று விட்டுவிடலாம். பிறருடைய நினைவு விலைக்கு வரும்போது அப்படி விட முடியவில்லை. தென்னார்க்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் மலேயாத் தோட்டங்களுக்குப் போனவர்கள் கண்ட ஜப்பானிய ஆக்கிரமிப்புப் பணம் இருக்கிறது, வாழைமரம் போட்ட பத்து டாலர். அவற்றில் பலவற்றுக்கு வரிசை எண்கூடக் கிடையாது, எழுத்துகள் மட்டும்தான். எம் என்று தொடங்கினால் மலேயா, பி என்று தொடங்கினால் பர்மா. 1945-இல் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அது வெறும் காகிதமானது. பர்மாவில் 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததில் தமிழர்கள் இழந்ததும் அதுபோன்றதே. அப்படி ஊர் திரும்பியவர் பெட்டியில் செல்லாத நோட்டுக் கட்டு இருந்தது என்றால், அதற்கு மதிப்பு என்றாவது திரும்பும் என்ற நம்பிக்கையோ, இழந்ததற்கு இதுவாவது அத்தாட்சி என்ற பிடிவாதமோ காரணமாக இருந்திருக்கும். அந்தக் கட்டைப் பேரன் எடைபோட்டு விற்று, வியாபாரி பிரித்து, நல்லதாகப் பத்து தாளை எடுத்து உறையில் போட்டுவிட்டு மீதியை எறிந்தால், யார் கொண்டுவந்தார், எந்தத் தோட்டத்திலிருந்து, எத்தனை தாள் சேர்ந்து ஒரு கட்டாக இருந்தது என்ற மூன்றும் ஒரே நாளில் அழிகின்றன. தனித்தனியாக மினுங்கும் பத்து நோட்டுகளால் அந்த ஒரு கட்டைத் திரும்பக் கட்ட முடியாது.

என் வாதத்துக்குள்ளேயே ஒரு கோளாறு இருப்பதும் எனக்குத் தெரிகிறது. கதைக்கு விலை உண்டு என்று ஆகிவிட்டால் கதைகள் தயாராகும். இன்று சுத்தத்தைத் தயாரிக்கிறவர்கள் நாளை அழுக்கைத் தயாரிப்பார்கள். தேநீரில் நனைத்து, எட்டாக மடித்து, ஓரத்தில் மஞ்சள் தடவி, ரங்கூனிலிருந்து வந்த கிழவர் ஒருவரையும் கூடவே கற்பித்துத் தந்துவிடுவார்கள். சுத்தத்தையாவது கண்ணால் சோதிக்கலாம், கதையை எப்படிச் சோதிப்பது? இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். பொய்க் கதையை உடைப்பதற்கு நேரமும் படிப்பும் கேள்வியும் வேண்டும். அவை இருக்கிற சந்தையில் பொய் கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் நடமாடும். அரை நிமிடச் சந்தையில் அதற்கு அந்தச் சிரமம்கூடக் கிடையாது. ஆகவே அழுக்கை ஆராதிக்கச் சொல்வது என் நோக்கம் அல்ல, அழுக்கும் நாளைக்கு இன்னொரு மோஸ்தர் ஆகிவிடும். ஒரு நோட்டைக் கையில் எடுத்தவர் வியாபாரியிடம் எண்ணையும் விலையையும் கேட்பதற்கு முன் எங்கே, யாரிடம், எதனுடன் சேர்ந்து கிடைத்தது என்று கேட்டு, தெரியாது என்பது பதிலானால் தெரியாது என்றே உறைக்குள் ஒரு சீட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. தெரியாது என்று எழுதிவைத்த சீட்டும் நாளைக்கு வருகிறவருக்கு ஒரு தகவல்.

இது தனிமனித ரசனையைப் பற்றிய உபதேசமாகத் தோன்றலாம். ஆனால் இந்த வேறுபாட்டை நம் நாட்டுச் சட்டமே ஒருமுறை எண்ணிக்கையில் எழுதிவைத்திருக்கிறது. செல்லாத நோட்டுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. 1946-இல் ஒரு முறை. 1978 ஜனவரி 16-இல் இன்னொரு முறை, அப்போது தஞ்சைப் பெரிய கோயில் படம் போட்ட ஆயிரம் ரூபாயும் போனது. 2016 நவம்பர் 8-இல் மூன்றாம் முறை. மூன்றாவதைத் தொடர்ந்து 2017-இல் வந்த சட்டம், பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. அபராதம் பத்தாயிரம் ரூபாய் அல்லது முகமதிப்பைப் போல ஐந்து மடங்கு, எது அதிகமோ அது. படிப்புக்காகவோ ஆராய்ச்சிக்காகவோ நாணயவியலுக்காகவோ வைத்திருப்பவருக்கு மட்டும் இருபத்தைந்து வரை சலுகை கொடுத்தது. சாதாரணக் குடிமகனுக்குப் பத்து, படிக்கிறவருக்கு மேலும் பதினைந்து. கள்ளப் பணத்தைத் துரத்த எழுதிய ஒரு கடுமையான சட்டம், பழைய காகிதத்தைப் படிப்பது ஒரு காரியம் என்று ஒத்துக்கொண்டு அதற்கென்று இடம் ஒதுக்கியிருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. யார் படிக்கிறார், யார் சும்மா வைத்திருக்கிறார் என்று எந்த அதிகாரியும் பீரோவைத் திறந்து சோதிக்கப்போவதில்லை. அதனால் அந்தச் சோதனையைச் சேகரிப்பவர்தான் தனக்குத்தானே வைத்துக்கொள்ள வேண்டும்: அந்தப் பதினைந்து நோட்டுகளில் ஒவ்வொன்றைப் பற்றியும், விலையையும் எண்ணையும் விட்டுவிட்டு, இரண்டு வரி எழுத முடிகிறதா? முடியாதவரிடம் இருப்பது சேகரிப்பு அல்ல, இருப்பு. சட்டம் அவரைப் பத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது, அது நியாயமாகத்தான் படுகிறது.